எக்ஸ்ரே காட்டாத வலியும் கம்ப்யூட்டர் காட்டும் கழுத்தும்



நின்றுகொண்டிருக்கும் ஒரு காரின் பின்புறத்தில் இன்னொரு கார் வந்து மோதுகிறது. வேகம் அதிகமில்லை. பம்பர் சற்று நசுங்கியதோடு சரி. இரத்தம் இல்லை, எலும்பு முறிவு இல்லை. உள்ளே இருந்தவர் தாமே கதவைத் திறந்து இறங்கி நடக்கிறார். மறுநாள் காலையில் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்புகளெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. வாரங்கள் கடந்தும் வலி தீரவில்லை என்று அவர் சொல்லும்போது, "படத்தில் ஒன்றுமில்லையே, பிறகு ஏன் இந்தப் பாடு?" என்று வீட்டார் கேட்கிறார்கள். வேலைத்தலத்திலும் அதே கேள்வி. நஷ்டஈட்டுக்காகச் சொல்கிறாரோ என்ற சந்தேகமும் மெல்லத் தலைகாட்டுகிறது.

வலியால் வருந்துகிறவருக்குத் தம் சொல்லை ஒருவரும் நம்பவில்லை என்பது இன்னொரு பாரம். நோயாளிகளின் படுக்கையருகே உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கும் பணியில் இருக்கிற நாங்கள் இதை நன்கு அறிவோம். ஆகவே, இந்த இதழில் சற்றுப் புதிதான ஒரு துறையைப் பற்றி விளக்க விரும்புகிறோம். மனிதக் கழுத்தின் தசைகளைக் கம்ப்யூட்டருக்குள் கணக்காக எழுதி, வாகன மோதலில் அவை என்ன செய்கின்றன என்று ஆராயும் துறை அது. கேட்பதற்குத் தூரத்துச் சங்கதிபோலத் தோன்றலாம். ஆனால், எக்ஸ்ரேயில் தெரியாத வலிக்கும் மெய்யான காரணம் இருக்கக்கூடும் என்பதை விளங்கவைத்ததில் இத்துறைக்குப் பெரும் பங்கு உண்டு. நம் வாகன இருக்கையில் இன்றே செய்துகொள்ளக்கூடிய ஒரு சிறு மாற்றத்தையும் அது கற்றுத் தருகிறது.

பழைய சந்தேகம்

இந்தச் சந்தேகம் மோட்டார் வாகனத்துக்கும் முந்தியது. இங்கிலாந்தில் இரயில் பாதைகள் பரவிய காலத்தில், விபத்திலிருந்து வெளிக்காயம் இல்லாமல் தப்பிய பலர் பின்னர் முதுகுவலி, தலைவலி, உறக்கமின்மை என்று முறையிட்டார்கள். இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866-ல் இதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். முதுகுத்தண்டு குலுங்கியதால் வந்த கேடு இது என்பது அவருடைய கருத்து. இரயில்வே கம்பெனி ஒன்றின் மருத்துவராயிருந்த ஹெர்பர்ட் பேஜ் 1883-ல் அதை மறுத்து எழுதினார். அச்சமும் மன அதிர்ச்சியுமே பெரும்பாலும் காரணம் என்றார் அவர். வழக்கு மன்றங்களில் இரு தரப்பும் மோதிக்கொண்டன.

இரயிலுக்குப் பின் கார் வந்தது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹரால்ட் குரோ 1928-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மருத்துவர் கூட்டம் ஒன்றில் 'விப்லாஷ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். சாட்டைச் சொடுக்கு என்று அதற்குப் பொருள். சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடி முதலில் அசைந்து, நுனி பிந்தி வந்து வெடுக்கென்று வீசுகிறது அல்லவா? அதுபோல, மோதலில் உடல் முதலில் தள்ளப்படுகிறது. தலை பிந்தி வீசப்படுகிறது. ஓர் அசைவைக் குறிக்கச் சொன்ன சொல் ஒரு நோயின் பெயராகவே ஆகிவிட்டதே என்று அவர் பின்னாளில் வருந்தினார்.

1995-ல் கனடாவின் கியூபெக்கில் அமைக்கப்பட்ட வல்லுநர் குழு, இவ்வகைக் கழுத்துக் காயங்களை 0 முதல் 4 வரை படிகளாக வகுத்தது. அவற்றில் 1, 2 ஆகிய படிகளில் எலும்பு முறிவும் இராது, நரம்பு பாதிக்கப்பட்ட அடையாளமும் இராது. வலி, விறைப்பு, தொட்டால் நோவு, கழுத்து முழுதாகத் திரும்பாமை, இவை மட்டுமே இருக்கும். நாம் முதலில் சொன்ன மனிதர் இந்த வகையைச் சேர்ந்தவர். அவருடைய கழுத்துக்குள் உண்மையில் என்ன நடந்தது?

பந்தல் கம்பமும் கயிறுகளும்

கன்வென்ஷன் பந்தலுக்கு நட்ட உயரமான கம்பத்தை நினைத்துப் பாருங்கள். கம்பம் தன் பலத்தால் மட்டும் நிற்பதில்லை. நாலாபுறமும் இழுத்துக் கட்டிய கயிறுகள்தான் அதை நிறுத்துகின்றன. நம் கழுத்தும் அப்படித்தான். ஆனால் இங்கே கம்பம் ஒரே துண்டல்ல. ஏழு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அதன் உச்சியில் ஏறத்தாழ 4.5 கிலோ எடையுள்ள தலை வைக்கப்பட்டிருக்கிறது. எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் என்னும் மெத்தை போன்ற தட்டுகள் உண்டு. பின்புறத்தில் இடமும் வலமுமாகச் சிறு மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூட்டையும் மெல்லிய உறை ஒன்று சூழ்ந்திருக்கிறது. எலும்போடு எலும்பை உறுதியான நார்கள் கட்டியிருக்கின்றன.

இவ்வளவு இருந்தும் தசைகள் இல்லாவிட்டால் கழுத்து நிற்காது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபியும் அவருடைய குழுவினரும், இறந்தவர்களின் கழுத்தெலும்புகளைத் தசை நீக்கிச் சோதித்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமான பாரத்திலேயே அந்த எலும்பு அடுக்கு மடிந்துவிட்டது. தலையின் எடையோ அதற்கு நான்கு மடங்குக்கு மேல். மீதியை நாள் முழுவதும் தாங்கி நிற்பவை தசைகளே.

காதின் பின்னிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தடித்த தசை, பிடரியிலிருந்து தோள்வரை விரியும் அகன்ற தசை, எலும்புகளை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் குட்டைத் தசைகள் என்று, ஒவ்வொரு பக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்ட தசைகள் இந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நாம் தலையைக் குனிவதும் நிமிர்வதும் திரும்பிப் பார்ப்பதும் இவை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து இழுப்பதால்தான்.

கண் இமைப்பதற்குள்

ஒரு வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டால், ஒரு பங்கு ஒரு மில்லி வினாடி. பின்னிருந்து மோதப்பட்ட காரில் நடப்பதை இந்தக் கணக்கில்தான் பார்க்கவேண்டும்.

மோதியவுடன் இருக்கை முன்னே தள்ளப்பட்டு, அது நம் முதுகை முன்னே தள்ளுகிறது. தலையை எதுவும் தள்ளவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஆகவே கழுத்தின் அடிப்பாகம் முன்னே போக, மேற்பாகம் பின்தங்குகிறது. ஏறத்தாழ 50 முதல் 75 மில்லி வினாடிக்குள் கழுத்து ஆங்கில எழுத்தாகிய 'எஸ்' போல நெளிகிறது. கீழ் எலும்புகள் பின்னோக்கி வளையும் அதே வேளையில் மேல் எலும்புகள் முன்னோக்கி மடிகின்றன. 1997-ல் யேல் குழுவினர் இதை வெளியிட்டார்கள். தலை வெகுதூரம் பின்னால் சாய்வதால்தான் கேடு வருகிறது என்று அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். தலை முழுதாகச் சாயுமுன்பே கீழ் மூட்டுகள் தங்கள் எல்லையைத் தாண்டிவிடக்கூடும் என்று இப்போது தெரியவந்தது.

அதே ஆண்டுகளில் ஜப்பானில், விருப்பத்துடன் முன்வந்த ஆரோக்கியமான ஆண்களை மணிக்கு 4 முதல் 8 கிலோமீட்டர் வரையிலான மிதமான வேகத்தில் சறுக்கு இருக்கையில் வைத்து மோதச் செய்து, வினாடிக்கு 90 எக்ஸ்ரே படங்கள் வீதம் எடுத்தார்கள். கழுத்தின் கீழ்ப்பகுதியில் பின்புறச் சிறு மூட்டுகளின் பரப்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதை அந்தப் படங்கள் காட்டின. மோதல் முடிந்தபின் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்புகள் தத்தம் இடத்துக்குத் திரும்பியிருக்கும். நெளிவின் தடம் அதில் இராது.

இந்த நேரத்தில் தசைகள் என்ன செய்கின்றன? எதிர்பாராமல் மோதப்பட்டவரின் கழுத்துத் தசைகள் விழித்துக்கொள்ள ஏறத்தாழ 60 முதல் 100 மில்லி வினாடி ஆகிறது. விழித்த தசை முழு பலத்தோடு இழுக்க இன்னும் பல பத்து மில்லி வினாடிகள் வேண்டும். அதற்குள் 'எஸ்' நெளிவு வந்து போய்விடுகிறது. காவலன் எழுந்து ஓடிவருவதற்குள் திருடன் சுவரேறிக் குதித்துவிட்ட கதைதான்.

மனிதரை வைத்து எவ்வளவு சோதிக்கலாம்?

இதையெல்லாம் நேரில் சோதித்தே அறிந்துகொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். அப்படித் தம்மையே ஒப்புக்கொடுத்தவர்களும் உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவரான கர்னல் ஜான் பால் ஸ்டாப் அவர்களில் முதன்மையானவர். பிரேசில் நாட்டில் ஊழியம் செய்த பாப்டிஸ்டு மிஷனெரிகளுக்கு மகனாகப் பிறந்தவர் இவர். 1954 டிசம்பர் 10-ஆம் நாள் நியூ மெக்சிகோவில் ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் தம்மைக் கட்டிக்கொண்டு, மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் சென்று, ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் நின்றார். கண்களில் இரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வையே இல்லாமல் போயிற்று. பின்னாளில் சாலை வாகனங்களில் இருக்கைப் பட்டை கட்டாயமாவதற்கு விடாமல் வாதாடியவரும் இவரே.

அதன்பின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் இளம் கடற்படை வீரர்கள் பலர் இவ்விதச் சோதனைகளுக்கு முன்வந்தார்கள். உடலைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, தலையையும் கழுத்தையும் மட்டும் விட்டுவிட்டு, முன்புறமாகவும் பக்கவாட்டிலும் வண்டியைச் செலுத்தி, தலை எந்தப் பாதையில் எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்று அளந்தார்கள். அந்த அளவுகள் இன்றுவரை ஆராய்ச்சியாளர்களுக்கு உரைகல்லாக இருக்கின்றன.

ஆனால், காயம் ஏற்படும் அளவுக்கு உயிருள்ள ஒருவரையும் சோதிக்க எவருக்கும் உரிமை இல்லை. தங்கள் உடலை மருத்துவ ஆய்வுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர்களின் தியாகத்தால் எலும்புகள், மூட்டுகள், நார்கள் ஆகியவற்றின் பலத்தை அறிந்துகொண்டோம். எனினும், இறந்த உடலின் தசை இழுப்பதில்லை. மோதல் சோதனைக்கு வைக்கப்படும் பொம்மைகளின் கழுத்தோ ரப்பராலும் உலோகத்தாலும் ஆனது. அதற்கும் தசை இல்லை. உயிருள்ளவரைக் காயப்படுத்தாமல், உயிருள்ள தசையின் வேலையையும் விட்டுவிடாமல் ஆராய வழி என்ன? இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது.

தவளைத் தசையிலிருந்து வந்த கணக்கு

தசையைக் கணக்காக எழுத முடியும் என்று காட்டியவர் இங்கிலாந்தின் ஆர்ச்சிபால்ட் ஹில். தசையில் உண்டாகும் வெப்பத்தை அளந்ததற்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1938-ல் அவர் தவளையின் தசையை வைத்து, தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் இழுக்கும் பலம் குறைகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் தந்தார். கனமான மூட்டையை மெதுவாகத்தான் தூக்க முடியும், இலேசான மூட்டையை வேகமாகத் தூக்கலாம் என்று நாம் அனுபவத்தில் அறிந்ததன் கணித வடிவம் அது.

இன்றைய கம்ப்யூட்டர் மாதிரிகள் அதை வைத்தே ஒவ்வொரு தசையின் இழுப்பையும் கணக்கிடுகின்றன. அதற்கு நான்கு விவரங்கள் தேவை. முதலாவது, தசையின் பருமன். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தசை முழு பலத்தில் ஏறத்தாழ 3 முதல் 5 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். இரண்டாவது, அந்த நொடியில் தசையின் நீளம். அதிகம் சுருங்கியிருந்தாலும் அதிகம் நீண்டிருந்தாலும் பலம் குறையும். மூன்றாவது, அது சுருங்கும் அல்லது நீட்டப்படும் வேகம். பிடித்து நிற்கும் தசையை வெளியிலிருந்து ஒரு விசை பலவந்தமாக நீட்டினால், அது தன் வழக்கமான பலத்தைவிட அதிகமாகவே எதிர்த்து இழுக்கும். நான்காவது, நரம்பின் கட்டளை. தசை முழுதாக எழுப்பப்பட்டிருக்கிறதா, பாதியா, அல்லது இன்னும் உறங்குகிறதா என்பது அது.

ஓர் உதாரணம் சொல்லலாம். 4 சதுர சென்டிமீட்டர் பருமனுள்ள ஒரு தசை, சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ வீதம், முழு பலத்தில் 12 கிலோ இழுக்கும். கட்டளை பாதியளவு வந்திருந்தால் 6 கிலோ. மோதி 50 மில்லி வினாடியில், கட்டளையே வந்துசேராத நிலையில், அது தளர்ந்த ரப்பர் பட்டை போல நீட்டப்படுகிறது. அந்தச் சிறு எதிர்ப்பு மட்டுமே அதனிடம் இருக்கும். இப்படி ஒவ்வொரு தசைக்கும், ஒவ்வொரு மிகச்சிறு நேரத்துக்கும் கணக்கிட்டு, எல்லாவற்றையும் எலும்புகளோடு சேர்த்துப் பார்ப்பதே இந்த வேலை.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கழுத்து

முதலில் எலும்புகளின் உருவத்தை ஸ்கேன் படங்களிலிருந்து எடுத்து, கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் கெட்டித்தன்மை, எடை எல்லாம் எழுதப்படுகிறது. பின்பு டிஸ்குகள், நார்கள், மூட்டு உறைகள், தசைகள் சேர்க்கப்படுகின்றன. மோதலின் விசையைக் கொடுத்துவிட்டு, வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமான அடிகளாகக் கம்ப்யூட்டர் முன்னேறுகிறது. கால் வினாடிகூட நீடிக்காத மோதலுக்கு இலட்சக்கணக்கான அடிகள் வேண்டியிருப்பதால் கணக்கு முடியப் பல மணிநேரம் ஆகும்.

இதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் ஒன்றின் வரலாறு சிந்திக்கத்தக்கது. தாழப் பறக்கும் விமானத்திலிருந்து போடப்படும் அணுகுண்டு தரையில் மோதும்போது என்னவாகும் என்று கணக்கிடவே 1976-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் என்பவர் அதை எழுதினார். அழிவுக்காகப் பிறந்த அந்தக் கணக்கே பின்னர் காருக்குள் இருக்கும் மனிதரின் கழுத்தைக் காக்கும் கணக்காக மாறியது.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் மார்கோ டி யாகர் 1996-ல் தம் முனைவர் பட்டத்துக்காகத் தலை, ஏழு எலும்புகள், தசைகள் அனைத்தும் சேர்ந்த மாதிரி ஒன்றை உருவாக்கி, அதை நியூ ஆர்லியன்ஸ் கடற்படை வீரர்களின் அளவுகளோடு ஒப்பிட்டார். தசைகள் தாமாக இழுப்பதையும் கணக்கில் சேர்த்தால்தான், மாதிரியின் தலை உயிருள்ள மனிதரின் தலையைப் போல அசைந்தது. தொடக்கத்தில் தசையை நேர்கோடாக எழுதியதால், கழுத்து வளையும்போது அந்தக் கோடு எலும்பைத் துளைத்துக்கொண்டு போவதுபோல் ஆகிவிடும். 2002-ல் அதே இடத்தில் உருவான அடுத்த மாதிரியில் தசைகள் எலும்புகளை அணைத்து வளைந்து சென்றன. பின்னர் ஸ்டாக்ஹோமில் தசையைக் கயிறாக அல்லாமல், பருமனும் சதைப்பற்றுமுள்ள பொருளாகவே எழுதிப் பார்த்தார்கள்.

இன்று முழு உடல் மாதிரிகளே இருக்கின்றன. டொயோட்டா நிறுவனம் 2000-ல் வெளியிட்ட 'தம்ஸ்' என்ற மாதிரியில் 2015-ல் தசைகளும் சேர்க்கப்பட்டன. 2021 ஜனவரி முதல் அது உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் தரப்பட்டது. தானாகப் பிரேக் போடும் வாகனங்கள் வந்தபின் தசைக் கணக்கின் அவசியம் கூடியிருக்கிறது. மோதலுக்கு முன்னரே ஒரு வினாடி, அரை வினாடி பிரேக் பிடிக்கும்போது தசைகளுக்கு விழித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. மோதும் நேரத்தில் தலை எங்கே இருக்கும் என்பதை அவையே தீர்மானிக்கின்றன.

உதவும் தசையே உறுத்தவும் கூடும்

உயிருள்ள மனிதரிடம் ஒரே மோதலைத் திரும்பத் திரும்ப நடத்தினால், இரண்டாம் முறை அவர் உஷாராகிவிடுவார். கம்ப்யூட்டர் மாதிரிக்கு அப்படி ஒன்றுமில்லை. தசைகள் உறங்கும் நிலையில் ஒருமுறை, பிந்தி விழிக்கும் நிலையில் ஒருமுறை, முன்னரே விறைத்திருக்கும் நிலையில் ஒருமுறை என்று ஒரே மோதலை மூன்று விதமாகவும் நடத்திப் பார்க்கலாம். முன்னரே விறைத்திருக்கும் தசைகள் கழுத்தின் அசைவைக் குறைத்து நார்களுக்குத் துணைநிற்கின்றன என்பதை ஸ்வீடன் நாட்டு மாதிரிகள் காட்டின. மோதலை எதிர்பார்த்திருப்பவரின் கழுத்தும் எதிர்பாராதவரின் கழுத்தும் வேறுவிதமாக அசைகின்றன என்பதைக் கனடாவில் நடந்த மனிதச் சோதனைகளும் 2003-ல் காட்டியிருக்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கழுத்தின் ஆழத்திலுள்ள சில தசைநார்கள் பின்புற மூட்டுகளின் உறையிலேயே நேராக ஒட்டியிருக்கின்றன. மோதலில் அந்த உறை ஏற்கெனவே நீண்டு துன்பப்படும் வேளையில், பிந்தி விழித்த தசை அதை மேலும் இழுத்துவிடக்கூடும். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது மோதப்பட்டால் உறையின் இழுபாடு இன்னும் அதிகம்.

வலி மெய்யானதே

மூட்டு உறை நீள்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லலாம். ஆனால் வலியைக் கம்ப்யூட்டர் அறியாது. மனிதரிடம்தான் கேட்கவேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் நிகோலாய் போக்டக்கும் அவருடைய குழுவினரும் அப்படிக் கேட்டார்கள். மோதலுக்குப்பின் நெடுநாள் கழுத்துவலியால் வருந்தியவர்களின் பின்புறச் சிறு மூட்டுகளுக்குச் செல்லும் நரம்புகளை மரத்துப்போகச் செய்து, மருந்தில்லாத ஊசியோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்த ஊசி எது என்று நோயாளிக்குத் தெரியாது. 1996-ல் வெளியான முடிவின்படி, அவர்களில் 60 விழுக்காட்டினருக்கு வலி அந்த மூட்டுகளிலிருந்தே வந்தது.

அடுத்த ஆண்டு அதே குழுவினர் இன்னொன்றையும் வெளியிட்டார்கள். இத்தகைய நோயாளிகளிடம் மனச்சோர்வும் கலக்கமும் இருப்பதைக் கண்டு, மனம்தான் வலியை உண்டாக்குகிறது என்று பலர் சொல்லிவந்தார்கள். அந்த நரம்பைச் சூட்டினால் செயலிழக்கச் செய்து வலியை நீக்கியபோது, மனக்கலக்கமும் தானாக நீங்கிற்று. அவர்களிடத்தில் வலியே மனத்தைச் சோர்வித்தது. 1866-ல் தொடங்கிய வழக்குக்கு இது முழுத் தீர்ப்பல்ல. எல்லாக் கழுத்துவலிக்கும் இதே காரணம் என்றும் சொல்ல இயலாது. என்றாலும் 'படத்தில் இல்லை, ஆகவே வலியும் இல்லை' என்று சொல்லும் துணிவை இது நம்மிடமிருந்து எடுத்துப்போடவேண்டும்.

யாருடைய கழுத்து?

கடற்படை வீரர்கள் இளம் ஆண்கள். ஜப்பானியச் சோதனைகளில் முன்வந்தவர்களும் ஆண்கள். பின்புற மோதலுக்கென்று 1990-களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் உருவான 'பயோரிட்' பொம்மையும் சராசரி ஆணின் உருவமே. ஆனால் இவ்வகைக் கழுத்துக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் நேரிடுகிறது என்பதைப் பல நாடுகளின் விபத்துப் பதிவுகள் காட்டிவருகின்றன.

பெண்ணின் கழுத்து ஆணின் கழுத்தைச் சுருக்கி எடுத்த நகல் அல்ல. ஒரே உயரமுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டு அனிதா வசவாடாவும் உடனுழைத்தோரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பெண்ணின் கழுத்து மெலிந்தும் பலம் குறைந்தும் இருந்தது. தலையின் எடை அந்த அளவுக்குக் குறைவதில்லை. மெலிந்த கயிறுகள் ஏறக்குறைய அதே பாரத்தைப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

இதன் விளைவு ஸ்வீடன் நாட்டு விபத்துப் பதிவுகளில் தெரிகிறது. கழுத்தைக் காக்கும் சிறப்பு இருக்கைகளை 1997-ல் சாப் நிறுவனமும் 1998-ல் வால்வோ நிறுவனமும் அறிமுகப்படுத்தின. இத்தகைய இருக்கைகள் நிரந்தரப் பாதிப்பின் அபாயத்தை ஆண்களுக்கு ஏறத்தாழ 60 விழுக்காடும் பெண்களுக்கு ஏறத்தாழ 45 விழுக்காடும் குறைத்தன என்று 2013-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. இருவருக்கும் நன்மைதான், ஆனால் அதிகம் காயப்படுகிறவருக்குக் குறைந்த நன்மை கிடைத்திருக்கிறது.

இதைச் சரிசெய்யும் வேலை கம்ப்யூட்டரில்தான் முதலில் முன்னேறியது. கோதன்பர்க் நகரின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் சராசரிப் பெண்ணின் தலையும் கழுத்தும் கொண்ட மாதிரி உருவாக்கப்பட்டு, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது. 2022-ல் ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையில், 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையுமுள்ள சராசரிப் பெண் பொம்மையும் செய்து காட்டப்பட்டது. முதியவரின் கழுத்து, குழந்தையின் கழுத்து, பருத்தவரின் கழுத்து என்று இந்த வேலை இன்னும் நீளவேண்டும். எழுதப்படாத கழுத்துக்கு ஏற்றபடி எந்த இருக்கையும் அமையாது.

நாம் செய்யக்கூடியவை

தசைகள் நேரத்துக்கு வந்து உதவ முடியாது என்பதால், அந்த முதல் 100 மில்லி வினாடியில் தலையைத் தாங்க வேறொன்று வேண்டும். அதுதான் இருக்கையின் மேலுள்ள ஹெட்ரெஸ்ட். அமெரிக்காவில் 1969 முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளில் அது கட்டாயமாக்கப்பட்டது. சாய்ந்து உறங்குவதற்கான தலையணை என்று பலர் அதை எண்ணுகிறார்கள். அது அதற்காக வைக்கப்பட்டதல்ல.

வண்டியில் ஏறியதும் ஹெட்ரெஸ்டை உயர்த்துங்கள். அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலைக்கு ஏறக்குறைய இணையாக இருக்கட்டும். கழுத்தின் மட்டத்தில் விட்டுவிட்டால், தலை அதன்மேல் பின்னோக்கிச் சாய்ந்து தீங்கு கூடும். பிடரிக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். இருக்கையை அதிகம் சாய்த்தால் அந்த இடைவெளி பெருகிவிடும். பின் இருக்கையில் அமரும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் இதைச் சரிசெய்து கொடுங்கள். அழகுக்காகவோ இடத்துக்காகவோ அதைக் கழற்றிவைக்கவேண்டாம். வாகனம் நின்றிருக்கும்போதும் முடிந்தவரை நேராகப் பார்த்து உட்காருங்கள்.

மோதலுக்குப்பின் கைகால் மரத்துப்போனாலோ, பலம் குன்றினாலோ, கழுத்தில் கடும் வலி இருந்தாலோ, அவரை அசைக்காமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள். பெருங்கேடு ஒன்றுமில்லை என்று மருத்துவர் உறுதிசெய்தபின், நாள்கணக்கில் கழுத்துப் பட்டையோடு படுத்திருப்பதைவிட, அவர் சொல்லும் அளவுக்குக் கழுத்தை மெதுவாக அசைத்துப் பழகுவதே பெரும்பாலோருக்கு நல்லது. கியூபெக் குழுவின் ஆலோசனையும் இதுவே.

உங்கள் வீட்டிலோ சபையிலோ இப்படி வலியோடு நடமாடுகிற ஒருவர் இருக்கலாம். எக்ஸ்ரேயை ஒருபுறம் வைத்துவிட்டு, வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பும்போது கூடுகிறது, இரவில் உறங்க முடிகிறதா என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை நம்பி, மறுபடியும் மருத்துவரிடம் போகத் துணையாய்ச் செல்லுங்கள்.